கையெழுத்துப் போடாத அறுபத்து மூவர்

ஆய்வு அதிகாரியின் விரல் எங்கள் நூலக வருகைப் பதிவேட்டில் வரிவரியாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது.

“ஓஸ்லோ, நார்வே” என்று சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

“என்னம்மா இது?”

“வருகை சார்.”

“நார்வேயிலேர்ந்து இங்க ஆள் வந்தாங்களா?”

“ஆமா சார். ரெண்டு மூணு தரம் வந்திருக்காங்க.”

அன்றைக்கு எனக்கு இருந்த தெளிவை இன்று நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் பக்கத்தைப் புரட்டினார். கோலாலம்பூர். துபாய். தூத்துக்குடி. சூரிச். நடுநடுவே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள். மின்விசிறி நின்று அரை மணி நேரமாகியிருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே மீன்காரர் சைக்கிள் ஹாரனை அடித்துக்கொண்டு போனார்.

“கையெழுத்து எங்க?” என்றார். வெளியூர்ப் பெயர்களுக்கு நேராகக் கையொப்பக் கட்டம் காலியாக இருந்தது.

“அவங்க எப்படி சார் போடுவாங்க?”

பதிவேட்டை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் நான் நடத்திவந்த பிள்ளைகள் கூட்டத்தை மறு உத்தரவு வரும்வரை நிறுத்தச் சொன்னார். மற்றது எழுத்தில் வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். காபி வாங்கி வரச் சொல்லியிருந்தேன். அது ஆறிப்போய், நானே குடித்தேன்.

அழைப்பிதழ் வாசகர்கள்

போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் வேலையில் பயப்பட என்ன இருக்கிறது, புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதுதானே?” என்று கேட்டிருந்தார். அம்மணி, பதிவேடு இருக்கிறதே!

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் என் கிளை நூலகம். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கதவைத் திறந்ததும் முதல் வேலை, வருகைப் பதிவேட்டை வாசல் மேஜையில் வைத்து, பேனாவை நூலால் கட்டித் தொங்கவிடுவது. வருகிற ஒவ்வொருவரும் பெயர், முகவரி, கையொப்பம் போட்ட பிறகுதான் நாளிதழைத் தொட வேண்டும். ஒரு நூலகம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அரசாங்கத்துக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தப் பதிவேடு. வருகை குறைந்தால் பகுதி நேரமாக்கிவிடுவார்கள்.

அதனால் பொய் வருகை எழுதுவது எங்கள் தொழிலில் பழைய வியாதி. ஒரு நூலகர் தன் வீட்டுக்கு வந்த கல்யாண அழைப்பிதழ்களைப் பார்த்து வாசகர்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தாராம். மணமகன் வீட்டார் காலையில் வந்து படித்துவிட்டுப் போவார்கள், மணமகள் வீட்டார் மாலையில். கடைசியில் அதில் செத்துப்போன ஒருவர் பெயரும் இருந்ததால் நூலகர் அகப்பட்டுக்கொண்டார். வேலை போயிற்று.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். இப்போது என் பதிவேடு அதிகாரியின் பைக்குள் போய்விட்டது. அதிலிருப்பது பொய் என்று முடிவானால் எனக்கும் அதே கதிதான். பிள்ளைகளின் சனிக்கிழமையும் என்னோடு சேர்ந்து போய்விடும்.

கரண்ட் போன சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், பராமரிப்பு வேலை என்று சொல்லி நாள் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருட்டு, புழுக்கம். பெரியவர்கள் பேப்பரை மடித்துவைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். ஐந்து பிள்ளைகள் மட்டும் மிச்சம். ஒன்பதாவது, பத்தாவது படிப்பவர்கள். வீட்டுக்குப் போனால் வேலை வைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கும் பொழுது போகவில்லை. பெஞ்சை வாசலில் இழுத்துப் போட்டு ஒரு துப்பறியும் கதையை எடுத்து உரக்கப் படித்தேன். எனக்குக் கொஞ்சம் பெரிய குரல். எதிரே சைக்கிள் கடைக்காரர் டயரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கொலைகாரன் யார் என்று தெரிகிற இடத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஒரு பிள்ளை எழுந்து போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் சனிக்கிழமை வட்டம். ஒரே ஒரு சட்டம் வைத்தேன். படித்த புத்தகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், “நல்லா இருந்துச்சு” என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் எல்லோருக்கும் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் யாருக்கும் தாகமே இருந்ததில்லை.

வட்டத்துக்கு வந்தவர்கள் வளர்ந்து போனார்கள், வேறு பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவர்களில் ஒருத்தி கோதை. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடத்தில் வேலை செய்பவரின் மகள், பதினோராம் வகுப்பு. வாயைத் திறந்தால் உடைத்துத்தான் பேசுவாள். ஒருநாள் ஒரு கதையைத் தூக்கி மேஜையில் போட்டாள்.

“இன்னா மிஸ் கத இது? ஒரே ராத்திரில செல செஞ்சிட்டாராம். எங்கப்பா புள்ளையாரு மூக்குக்கே மூணு நாளு எடுப்பாரு. உளி மயுங்கிப் பூடும். அத்தக் காச்சி அட்ச்சிக் கூராக்கவே பாதி நாளு பூடும். இந்த ஆளு கல்லத் தொட்டதே கெடையாது மிஸ்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நாங்கள் பத்துப் பேர் மட்டும் கேட்டுக் கலைந்துவிடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. “இதை அப்படியே எழுதிக் கொடு” என்றேன்.

வெள்ளைக்காரர்கள் குளிக்கிற நேரம்

எழுதிய தாள்கள் சேர்ந்தன. என்ன செய்வது? அப்போதுதான் ஒரு பத்திரிகையில் வலைப்பூ என்று ஒன்று வந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், உலகமெங்கும் படிப்பார்கள் என்று போட்டிருந்தார்கள். எங்கள் நூலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன்.

அங்கே முனுசாமி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதற்கு முன்னால் எஸ்.டி.டி. பூத். அதற்கும் முன்னால் வாடகை சைக்கிள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து மணிக்கணக்காக உட்கார்ந்து ஊருக்கு மெயில் அனுப்புவார்கள். நடுப்பகலில் அவர்கள் கடலில் கிடப்பார்கள், கடை காலி. அந்த நேரத்தை எனக்குக் கொடுத்தார்.

“யக்கா, மொதல்ல மெயிலு ஐடி ஒண்ணு தொறக்கணும். பாஸ்வேர்டு ஒண்ணு நெனச்சிக்கோ. என்கைல சொல்லாத.”

நான் சொல்லிவிட்டேன். கடையிலிருந்த இன்னும் இரண்டு பேருக்கும் கேட்டது. எனக்குத்தான் பெரிய குரல் என்று சொன்னேனே.

“யக்கோவ், இத்த மாத்து” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மவுஸ் என் சொல்பேச்சு கேட்க இரண்டு வெள்ளிக்கிழமை ஆயிற்று. அம்புக்குறி ஓடி ஒளியும். நான் மேஜையைத் தாண்டி மவுஸை இழுத்துக்கொண்டு போவேன். ஒருமுறை நான் அடித்த பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எழுத்துரு வேறாம். முனுசாமி பொறுமையாக என்னென்னவோ இறக்கிப் போட்டார். ஒரு நாளும் அவர் அலுத்துக்கொண்டதில்லை. இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரையும் வாய் பிளக்க வைத்தேன். கல்லூரி முடித்துச் சும்மா இருந்த காலத்தில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுப் பள்ளியில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தேன். காலை ஆறு மணி வகுப்பு. எண்ணெய் வாசனை. எதிரே ரயில் நின்று கிளம்பும் அதிர்வில் காகிதம் நகரும். அங்கே கறாரான ஒரு அம்மா, நாங்கள் விசைகளைப் பார்க்கக் கூடாது என்று கைமேல் துண்டைப் போட்டு மூடுவார். அந்த விசைப்பலகை முறை கம்ப்யூட்டரிலும் இருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை தெரியவந்தது. அவ்வளவுதான். சுவரில் இருந்த கடற்கரைக் கோயில் படத்தைப் பார்த்துக்கொண்டே கோதையின் தாளை மளமளவென்று அடித்து முடித்தேன்.

“இன்னா யக்கா, பேய் அட்ச்சாப்ல அடிக்கிற!” என்றார் முனுசாமி. அன்றைக்கு எனக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

உரக்கப் பேசக் கூடாது

வலைப்பூ தயாரானது. பிள்ளைகளின் எழுத்து ஏறியது. அடுத்தது என்ன? வாசகர் வருவார். வந்தால்?

என் புத்தி எங்கே போகும்? முகப்பில் பெரிதாக “வருகைப் பதிவேடு” என்று ஒரு பக்கம் திறந்தேன். இப்படி அடித்தேன்: ‘படிக்க வருவோர் தங்கள் பெயரையும் முழு முகவரியையும் கீழே பதிவு செய்த பின்னரே படிக்கவும். உரக்கப் பேசக் கூடாது. பக்கங்களில் கோடு போடவோ கிழிக்கவோ கூடாது.’

முனுசாமி படித்துப் பார்த்தார். “இன்னாத்துக்கு யக்கா அட்ரஸ்ஸு? நெட்ல எவனும் பேரே சொல்ல மாட்டான். நீ வூட்டு நம்பரு கேக்குற.”

“படிக்க வர்றவங்க எழுதத்தானே வேணும்?” என்றேன்.

எழுதினார்கள்! அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். மூன்றாம் வாரம் துபாயிலிருந்து ஒருவர், பெயர், தகப்பனார் பெயர், கட்டட எண், அறை எண்ணோடு எழுதினார். கோலாலம்பூர்க்காரர் ஒருவர், “சத்தம் போடாமல் படித்துவிட்டுப் போகிறேன் அம்மா. செருப்பை வெளியே விட்டிருக்கிறேன்” என்று எழுதினார். கேலி செய்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓஸ்லோவிலிருந்து எழுதியவர் பெயர் யோகராணி. அவர் கோதையின் கட்டுரைக்குக் கீழே, “பிள்ளை, நீ சொன்னது முழுக்கச் சரி. என் தகப்பனார் தச்சுவேலை செய்தவர். கதை எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது பட்டறையில் இருக்க வேண்டும்” என்று எழுதியிருந்தார். அதைத் தாளில் எழுதி வந்து கோதைக்குப் படித்துக் காட்டினேன். எப்போதும் படபடவென்று பேசுகிறவள், தாளை வாங்கித் தானே ஒரு தரம் படித்தாள். அடுத்த வாரம் இரண்டு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வலைப்பூவில் பதிந்த பெயர்களை நோட்டில் எடுத்துக்கொள்வேன். சனிக்கிழமை நூலகத்தின் நிஜப் பதிவேட்டில் ஏற்றுவேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. படிக்க வந்த எல்லோர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் வந்தார்கள், படித்தார்கள். எழுதாமல் விட்டால்தான் தப்பு என்று நினைத்தேன். கையொப்பம் அவர்களுடையது, அதை நான் போட முடியாது. ஆகவே கட்டத்தைக் காலியாக விட்டேன்.

எட்டு மாதத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். “உங்க லைப்ரரில அறுபத்து மூவர் உற்சவம் நடக்குது போல கீதே” என்றார் முனுசாமி. அதற்கு அடுத்த வாரம்தான் ஜீப் வந்தது.

நீங்க நெஜம்னா

குறிப்பாணை பத்து நாளில் வந்தது. வருகைப் பதிவேட்டில் வெளிநாட்டினர் உட்பட அறுபத்து மூன்று போலிப் பெயர்களைப் புனைந்து எழுதியது குறித்து, பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். அதன் பிறகு அதிகாரி செங்கல்பட்டில் முகாம் வரும்போது நேரில் விசாரணை.

‘புனைந்து’ என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. வாழ்நாளில் நான் ஒரு கதை எழுதியதில்லை. அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர், “இதைப் போய் ஏன் எழுதினே?” என்று ஒரு தரம் கேட்டார். நான் பார்த்த பார்வையில் மறுதரம் கேட்கவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். இனிமேல் கூட்டம் இல்லை என்றேன். காரணம் கேட்டார்கள். குறிப்பாணையைக் காட்டியிருக்கக் கூடாது, காட்டிவிட்டேன். கோதை நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

“நீங்க பொய்யா எய்துனீங்கன்றாங்களா? அவுங்க இல்லவே இல்லயாமா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“எனக்குப் பதிலு எய்துனாங்களே மிஸ்.”

அன்று சாயங்காலமே இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முனுசாமி கடைக்குப் போயிருக்கிறாள். கடைக் கம்ப்யூட்டரில் என் பாஸ்வேர்டு பதிந்து கிடந்ததாம். வலைப்பூவில் அவள் ஏற்றியதை அடுத்த வெள்ளிக்கிழமைதான் பார்த்தேன். ஐந்து வரி.

‘எங்க லைப்ரரி மிஸ் உங்க பேரெல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதினாங்க. அது பொய்ப் பேருன்னு சொல்றாங்க. மிஸ்ஸுக்கு வேலை போய்டும். எங்க கூட்டமும் போய்டும். நீங்க நெஜம்னா ஒரு லெட்டர் போடுங்க.’

கீழே நூலக முகவரி.

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு ஊரெல்லாம் தமுக்கடிக்கிறாள் என்று வந்தது. அப்புறம் கடைசி வரியை மறுபடி படித்தேன். முனுசாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் கடிதம் தூத்துக்குடியிலிருந்து. உப்பள ஆபீசில் கணக்கெழுதுபவர். தன்னுடைய ரேஷன் கார்டை நகலெடுத்து இணைத்திருந்தார். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே கண் கலங்கியது. அப்புறம் துபாய். கோலாலம்பூர்க்காரர் நீளமாக எழுதி, செருப்பு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிறாரா என்று பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

விசாரணை நாள்வரை ஒன்பது கடிதம் வந்தது. ஐம்பத்து நான்கு பேரிடமிருந்து ஒன்றும் இல்லை. யோகராணியிடமிருந்தும் இல்லை. கோதைதான் தினமும் கேட்டாள். “ஓஸ்லோ வந்துச்சா மிஸ்?” வரவில்லை. எனக்கே ஒரு சந்தேகம் தட்டிற்று. யாரோ பொழுதுபோகாமல் ஏதோ ஒரு ஊர்ப்பெயரைப் போட்டு விளையாடியிருக்கலாம். அதை நம்பி நான் எழுதியிருக்கலாம். அந்த நினைப்பில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

செங்கல்பட்டு முகாம்

ஏரியைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தில் விசாரணை. நான் உடுத்தியிருந்தது நல்ல நாளுக்கு வைத்திருந்த காஞ்சிப் பருத்தி. எதற்கு அதை உடுத்தினேன் என்று தெரியவில்லை. வேலை போகிற நாளிலும் முறையாகப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

அதிகாரி ஒன்பது கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ரேஷன் கார்டு நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே இறுகிக்கொண்டது.

“ஒன்பது பேர் இருக்காங்க. சரி. மீதி ஐம்பத்து நாலு?”

“இருக்காங்க சார். எழுதல.”

“இவங்க யாரும் உங்க நூலக வாசப்படியை மிதிக்கல. ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன் சார்.”

“அப்ப வருகைன்னு எழுதினது பொய்தானே?”

அதுவரை தலைகுனிந்து நின்றவள்தான். எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. மேஜையிலிருந்த பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிக் காலிக் கட்டங்களைக் காட்டினேன்.

“சார், பொய் எழுதணும்னா கையெழுத்தையும் நானே போட்டிருப்பேனே. அறுபத்து மூணு கிறுக்கல் கிறுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அது அவங்க கையெழுத்து, நான் போடக் கூடாதுன்னுதான் விட்டேன். இந்தக் கட்டமெல்லாம் காலியா கிடக்கே, அதைவிட எனக்கு வேற சாட்சி இல்ல சார்.”

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, காலிக் கட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு சொன்னார்.

“வாசலைத் தாண்டி உள்ள வர்றவங்கதான் வருகை. விதி அதுதான். நீங்க செஞ்சது தப்பு.” நிறுத்தினார். “ஆனா பொய் இல்ல.”

அந்த மூன்று சொல்லுக்காக அவருக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எச்சரிக்கையோடு விட்டு, பதிவேட்டையும் திருப்பிக் கொடுத்தார். அறுபத்து மூன்று பெயர்களையும் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்றார். பிள்ளைகள் கூட்டத்தை நடத்திக்கொள்ளலாம், அவர்கள் நிஜமாகவே வாசலைத் தாண்டித்தானே வருகிறார்கள் என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சிவப்பு மை

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். சந்தோஷத்தில் யாரோ மிட்டாய் வாங்கி வந்திருந்தார்கள். நான் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அலுவலகப் பதிவேட்டில் அடித்தல் என்றால் கிறுக்கி மறைக்கக் கூடாது. அடித்த பெயர் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.

கோதை ஸ்கேலைப் பிடித்துக்கொண்டாள். நான் கோடு போட்டேன்.

“இவுருதான் ரேஷன் கார்டு அனுப்ச்சாரே மிஸ். இவரயுமா?”

“எல்லாரையும்தான்.”

கோலாலம்பூரை அடித்தேன். துபாயை அடித்தேன். தண்டனை கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குக் கிடைத்தது. படிக்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி, நீங்கள் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்வது போலிருந்தது.

ஓஸ்லோ வந்தது. ஸ்கேல் நகரவில்லை.

“இவுங்க லெட்டரு போடல” என்றாள் கோதை.

“ஆமா.”

“நெஜமாலும் கீறாங்களா மிஸ்?”

“தெரியலம்மா” என்றேன்.

அவளே ஸ்கேலைச் சரியாக வைத்தாள். நான் கோடு போட்டேன்.

அந்த ஜனவரி

பொங்கல் முடிந்த சனிக்கிழமை. வட்டம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குளிர்காலத்துக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். மாமல்லபுரம் பார்க்க வந்தவர் வழி கேட்கிறார் போலிருக்கிறது என்று எழுந்து போனேன்.

“இதுதானே நூலகம்? நான் முந்தியும் இங்க வந்தனான்” என்றார்.

எனக்கு முகம் நினைவில்லை. “எப்போங்க?”

“ஒஸ்லோவில இருந்து. யோகராணி. பேரும் விலாசமும் எழுதச் சொன்னீங்கள், எழுதிப்போட்டுத்தான் வாசிச்சனான்.”

உள்ளே ஒரு நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. கோதை.

அவர் சென்னைக்கு வந்ததே தன் தாயாரைப் பார்க்கத்தான். சண்டை காரணமாக ஊருக்குப் போக வழியில்லை. தாயாரைச் சென்னைக்கு வரவழைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார். எங்கள் கடித விண்ணப்பம் வந்த மாதம் அவர் ஆஸ்பத்திரியில் தாயாரோடு இருந்திருக்கிறார். “கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. பிறகு பாத்தால், ஐயோ, எல்லாம் முடிஞ்சுபோச்சு. கடிதம் போடாத குற்றத்துக்கு நேரிலேயே வந்திட்டன்” என்றார். தாயாரைப் பற்றி நான் கேட்டேன். நவம்பரில் காலமாகிவிட்டார், இன்றிரவு விமானத்தில் ஓஸ்லோ திரும்புகிறேன் என்றார்.

உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, “என்ர பேர் எழுதின பதிவேட்டைப் பாக்கலாமோ?” என்றார்.

நான் எவ்வளவோ தட்டிக் கழித்தேன். அது பழைய பதிவேடு, பூட்டியிருக்கிறது, சாவி எங்கேயோ. பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்து வந்து விரித்தேன்.

யோகராணி, ஓஸ்லோ, நார்வே. மேலே சிவப்புக் கோடு. பக்கத்தில் என் சுருக்கொப்பம்.

“நானேதான் அடிச்சேன்” என்றேன். “நீங்க இருக்கீங்களான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய குரல், அன்றைக்கு வெளியே வரவில்லை.

அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

“ஏன் அழுறியள்? ஊரில வீட்டுப் பத்திரம், பள்ளிக்கூடத்துப் பதிவு, எங்கட பேர் இருந்த எல்லாம் எரிஞ்சு போச்சு. எங்க தேடினாலும் இல்லை. நீங்கள் முகமே தெரியாத எனக்கு, நான் வந்தனான் எண்டு எழுதி வச்சிருக்கிறியள்.”

பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பி, கோட்டுக்கு அடியில் தெரிந்த தன் பெயரைக் காட்டினார்.

“வெட்டினாலும் வாசிக்கலாம்தானே” என்றார்.